பள்ளத்துக்கு யார் காரணம்

அவளுக்குக் கோபம் மூக்கு மேல் இருக்கும் என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வது. மூக்கு மேல் இருப்பது கீழே இறங்கக் கொஞ்சமாவது நேரம் எடுக்கும். இவள் கோபத்துக்கு அந்தப் பொறுமையும் கிடையாது. ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் காது கேட்காத தூரத்தில் எல்லோரும் அவளைக் கடுகு என்றுதான் சொல்வார்கள். சின்ன உருவம், சூடு பட்டால் வெடிப்பாள். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட யாருக்கும் தைரியம் வந்ததில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். அதற்கும் தனியாக ஒரு கோபம் வைத்திருந்தாள்.

அவளுடைய அப்பா பஸ் மெக்கானிக். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையைப் பட்டறைப் பெஞ்சில் எறிந்துவிட்டு, எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள். அப்பாவுக்கு ஒரே ஒரு கொள்கைதான். "தானா எதுவும் கெடாது. எவனோ கெடுத்திருப்பான். அவனக் கண்டுபிடி, பாதி ரிப்பேர் முடிஞ்ச மாதிரி." கிளட்ச் தேய்ந்திருந்தால் டிரைவர். ரேடியேட்டர் காய்ந்திருந்தால் கிளீனர். போல்ட் கழன்றிருந்தால் முன்பு கை வைத்த மெக்கானிக். பெரும்பாலும் அப்பா சொன்னது சரியாகவே இருந்ததுதான் வினை. உலகம் முழுக்க ஒரு பஸ் என்றும், எது நின்றாலும் அதற்கு ஒரு ஆள் காரணம் என்றும் நம்பிக்கொண்டே அவள் வளர்ந்தாள்.

டெக்னீஷியன் படிப்பு முடித்து, கல்யாணமாகி, சில வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில் இயந்திரங்கள் பார்த்துவிட்டு, பிறகு இந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தாள். இங்கே சினை ஆடுகளை வைத்து வேலை. செம்மறி ஆட்டின் வயிற்றில் வளரும் குட்டிக்குத் தாயின் கருப்பைக்கு வரும் ரத்தம்தான் சோறு, அதுதான் மூச்சு. அது எவ்வளவு ஓடுகிறது என்று அளக்க, ஆட்டை மயக்கி, கருப்பைக்குப் போகும் ரத்தக்குழாயைச் சுற்றி ஒரு சின்ன வளையம் மாட்டுவார்கள். கருப்பைச் சுவரில் மெல்லிய கம்பிகளைத் தைப்பார்கள். எல்லா ஒயரும் விலாப்பக்கம் வெளியே வந்து, துணிப்பைக்குள் அடங்கி, சுவரைத் தாண்டி அடுத்த அறைக்குப் போகும். அங்கே ஒரு பழைய இயந்திரம். ஓடிக்கொண்டே இருக்கும் காகிதத்தில் அதன் பேனாக்கள் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பேனா நாடித் துடிப்புக்கு, ஒன்று ரத்த அழுத்தத்துக்கு, ஒன்று ரத்த ஓட்டத்துக்கு. நான்காவது பேனா கருப்பைத் தசைக்கு. அந்த நான்காவதை அவளே கழற்றி வைத்திருந்தாள். பிரசவத்துக்கு இன்னும் வாரக்கணக்கில் நாள் இருக்கிறது, அதுவரை கருப்பை சும்மாதானே இருக்கப்போகிறது, வெறும் கோட்டுக்கு எதற்கு மை என்பது அவள் கணக்கு. ஆராய்ச்சியை நடத்தும் பெரிய டாக்டரும் தலையாட்டினார். பெரிய டாக்டர் எதற்கும் தலையாட்டுவார்.

சண்டை மகாராணியிடமிருந்து ஆரம்பித்தது. மகாராணி என்பது ஒரு ஆடு. தீவனத் தொட்டிக்குப் போகாமல், தொட்டி தன்னிடம் வர வேண்டும் என்று நினைத்துப் படுத்திருக்கிற ஆடு. துணைக்கு இன்னொரு ஆட்டைப் பக்கத்தில் கட்டியிருந்தார்கள், தனியாக விட்டால் ஆடு கலவரப்படும். ஒரு மருந்து கருப்பைக்குப் போகும் ரத்தத்தை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் திட்டம். அதற்கு முன்னால் மருந்தில்லாமல் ரத்த ஓட்டம் ஒரே சீராக ஓடிக் காட்ட வேண்டும். அது ஓடவில்லை. கோடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று மெல்லச் சரியும், சில நிமிஷம் பள்ளத்திலேயே கிடக்கும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஏறி வந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பள்ளம்.

வளையத்தில் கோளாறில்லை, ஒயரில் கோளாறில்லை. அப்படியானால் ஆள்தான் என்று கடுகு தேடத் தொடங்கினாள். ஆளும் கிடைத்தார்.

கொட்டகையைக் கழுவுகிறவரை எல்லோரும் வாளி என்பார்கள். ஐம்பது வயதிருக்கும். சக்கரம் வைத்த இரும்பு வாளியைத் தள்ளிக்கொண்டு, ரப்பர் பூட்ஸ் சளக் சளக் என்று அடிக்க வருவார். சக்கரம் கீச்சிடும். அவர் ஆடுகளோடு பேசுவார். "என்னம்மா மகாராணி, இன்னிக்கும் எந்திரிக்க மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். ஒருநாள் அவர் உள்ளே வருவதை நடுச்சுவர்க் கண்ணாடி வழியாகக் கடுகு பார்த்தாள், அந்தக் கையோடு கோடு சரிந்தது. பள்ளத்தின் பக்கத்தில் 'வாளி' என்று எழுதினாள். மறுநாளும் அப்படியே. அதற்குப் பிறகு அவர் இருக்கும்போது விழுந்த பள்ளத்துக்கெல்லாம் 'வாளி' என்று எழுதினாள். அவர் இல்லாதபோது விழுந்த பள்ளத்துக்கு எதுவும் எழுதவில்லை. அவள் கெட்ட எண்ணத்தோடு அப்படிச் செய்யவில்லை. குற்றவாளி கிடைத்த பிறகு வேறு யாரைத் தேடுவது?

மதியச் சாப்பாட்டு அறையில், அத்தனை பேர் டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருக்கும்போது, காகிதச் சுருளை வாளியின் முன்னால் விரித்துப் போட்டாள்.

"யோவ், இத பாரு. நீ உள்ள வர்றப்ப எல்லாம் குட்டிக்குப் போற ரத்தம் குறையுது. உன் சக்கரமும் உன் பேச்சும்! ஒரு வாயில்லா ஜீவனோட வயித்துல இருக்கறத நீ கொல்லப் பாக்கறே."

வாளி கையிலிருந்த கவளத்தைத் திரும்ப டப்பாவில் வைத்தார். "நான் ஒண்ணும் பண்ணல மேடம். அது என்னப் பாத்துப் பயப்படாது. என் கையில தின்னும்."

"உன்னக் குறை சொல்லல. பொதுவா சத்தத்தச் சொல்றேன்."

பொதுவாகச் சொன்ன அந்தச் சத்தத்துக்கு மறுநாளே இடமாற்றம் வந்தது. பெரிய டாக்டர் தலையாட்டிவிட்டார். வாளியை அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஆபரேஷன் துணிகளை வெந்நீரில் போட்டு அலசும் வேலை.

கடுகுக்கு ஏன் சத்தத்தின் மேல் அப்படி ஒரு வெறி என்று கூடத்தில் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில் அவளும் பிள்ளை உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம். மாடி வீட்டுக்காரன் சாக்கடைக் குழாயைத் தன் பக்கம் அடைத்து, அழுக்குத் தண்ணீரை இவர்கள் சமையலறைக்குள் திருப்பிவிட்டான். அவள் தெருவே கேட்கும்படி சண்டை போட்டாள். நியாயமான சண்டை. அந்த வாரக் கடைசியில் வயிற்றில் அசைவு நின்றது. டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "காரணம் தெரியலம்மா. சில நேரம் இப்படி ஆயிடுது" என்றார். காரணம் தெரியவில்லை என்பதை பஸ் மெக்கானிக்கின் மகள் எப்படி ஏற்பாள்? டாக்டர் கொடுக்காத காரணத்தை மாமியார் கொடுத்தாள். "வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு அந்தக் கத்துக் கத்தினா, உள்ள ரத்தம் உறைஞ்சு போகாதா?"

அந்தப் பேச்சில் இன்னும் பெரிய கொடுமை, அவள் அதை நம்பியதுதான். மாமியாரை வெறுத்துக்கொண்டே, அவள் சொன்ன வார்த்தையைத் தூக்கி நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டாள். சத்தம் போட்டால் ரத்தம் நிற்கும். ஆட்டுக்கும் அப்படித்தானே இருக்கும்?

வாளி போனார். கொட்டகை அமைதியாயிற்று. பள்ளங்கள் மட்டும் விழுந்துகொண்டே இருந்தன.

கடுகு கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டாள். மின்விசிறியை நிறுத்தினாள். ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்த புறாக்களைத் துடைப்பத்தை வீசி விரட்டினாள், அதில்தான் அன்றைக்கு அதிகச் சத்தம் கேட்டது. புதிதாகக் கழுவ வந்தவளை வெறும் காலோடு நடக்கச் சொன்னாள். துணை ஆடு இருமினால்கூட முறைத்தாள். மகாராணி கண்ணை அரைவாசி மூடி, ராஜ பரம்பரைச் சோம்பலோடு அசை போட்டுக்கொண்டிருக்கும். கோடு அது பாட்டுக்குச் சரியும்.

ஒரு பிற்பகல், கூடத்தில் ஈ காக்கை இல்லை. எல்லோரும் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். கோடு சரிந்தது. கடுகு நாடிப் பேனாவைப் பார்த்தாள். ஆடு மிரண்டால் நாடி எகிறும், அது அவள் முதல் மாதமே கற்ற பாடம். நாடி எகிறவில்லை. இந்தப் பள்ளங்கள் எதிலுமே எகிறியதில்லை. வாளி என்று எழுதிய பழைய சுருள்களை இழுத்துப் பார்த்தாள். அவற்றிலும் இல்லை. அத்தனை நாளும் அது அவள் கண்ணெதிரே, ஒரு விரல் தள்ளி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு கோட்டை மட்டும் முறைத்துக்கொண்டிருந்தவளுக்குப் பக்கத்துக் கோடு எப்படித் தெரியும்?

"சனியனே, வேற யாருதான் இங்க இருக்கீங்க?" என்று காலி அறையைப் பார்த்துக் கத்தினாள். கோபத்தில், கைக்குக் கிடைத்த ஒயரையெல்லாம் இயந்திரத்தில் செருகினாள். அதில் கருப்பைத் தசையின் ஒயரும் ஒன்று. நான்காவது பேனா காய்ந்து கிடந்தது. மை ஊற்றித் தட்டினாள். அது இரண்டு தடவை தும்மிவிட்டு எழுத ஆரம்பித்தது.

முதலில் வெறும் கோடுதான். அப்புறம் மெதுவாகக் கிறுக்கல் கூடியது, அடர்ந்தது. கருப்பை இறுகிக்கொண்டிருந்தது. பிரசவ வலியைப்போல் வேகமாக வந்து போகிற இறுக்கமல்ல. சாவகாசமாக வந்து, சில நிமிஷம் பிடித்துவைத்து, சாவகாசமாக விடுகிற இறுக்கம். அது கூடியதும் ரத்த ஓட்டத்தின் கோடு சரிந்தது. அது தளர்ந்ததும் கோடு ஏறியது. தற்செயலாக இருக்குமோ என்று அடுத்ததற்குக் காத்திருந்தாள். அடுத்ததும் அப்படியே. முதலில் தசை இறுகும், பிறகு ரத்தம் குறையும். இறுகிய தசை தனக்குள்ளே ஓடும் குழாய்களைத் தானே நெரிக்கிறது, வேறொன்றுமில்லை. வெளியே மகாராணி அசை போடுவதைக்கூட நிறுத்தவில்லை. தன் வயிற்றுக்குள் நடப்பது அதற்கே தெரியாது.

அவளுக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். சும்மா இருக்கிறது என்று அவள் பேனாவைக் கழற்றிய கருப்பை, அத்தனை நாளும் சும்மா இருக்கவில்லை. கழற்றியது யார்? வேறு எவனையும் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

கூட்டம் முடிந்து வந்த பெரிய டாக்டர் காகிதத்தைப் பார்த்துத் துள்ளினார். "அருமை! அருமை! இது நாள் முழுக்க நடக்குதா? குட்டி இதையெல்லாம் தாங்கிக்கிட்டுத்தான் வளருதா? இதுதாம்மா நாம பாக்க வேண்டிய விஷயம். மருந்து அப்புறம்."

"சரி சார். வாளிய எப்ப திரும்பக் கூப்பிடறீங்க?"

"எந்த வாளி?"

கடுகு அவரைப் பார்த்தாள். அவர் நடிக்கவில்லை, உண்மையிலேயே மறந்திருந்தார். ஒரு மனுஷனை வெந்நீர்த் தொட்டிக்குள் தள்ளிவிட்டு, தலையாட்டிய கழுத்து வலிகூட இல்லாமல் மறந்திருந்தார். "கொட்டகை கழுவினவர்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஓ, அவரா. ஆபீஸ்ல பேசிக்கோ. நாம யாரும் அவரக் குறை சொல்லலையே!"

வீட்டுக்குப் போனபோது உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. மாமியார் கூடத்தில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு மருமகளைப் பாராட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு இது ஆறாம் மாதம். "என்ன அடக்கம்! வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமோன்னு பேசுது. வயித்துல புள்ள இருக்கறப்ப அப்படித்தான் இருக்கணும்." கணவன் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டான். இந்த மாதிரி நேரங்களில் அவன் ஒரே பக்கத்தை அரைமணி நேரம் படிப்பான்.

"எத்தன வருஷமா இதச் சொல்லிக்கிட்டே இருப்பீங்க, அத்தை?" என்றாள் கடுகு. குரல் ஏறியிருந்தது.

"நான் உன்ன என்னம்மா சொன்னேன்? பொதுவா சொன்னேன்."

கடுகு வாயைத் திறந்தாள். பொதுவா. சாப்பாட்டு அறையில், வாளியின் கவளத்துக்கு மேலே, தன் குரல் அதே வார்த்தையைச் சொன்னது காதில் கேட்டது. மாமியாரைத் திட்ட நாக்கு நுனியில் வந்து நின்ற வசவு ஒவ்வொன்றும் தனக்கும் பொருந்தியது. அவமானமாக இருந்தது. கைகால் கழுவாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "விடேன்" என்றான் கணவன், யாரிடம் என்று சொல்லாமல்.

மறுநாள் காலை சலவைக்கூடத்துக்கு இறங்கினாள். நீராவியும் பிளீச்சிங் பவுடர் நெடியும் கண்ணைக் கரித்தன. வாளியின் விரல்களில் தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாக இருந்தது.

"அண்ணே, நீங்க இல்ல. ஆட்டோட கருப்பை தானா இறுகுது. அதனாலதான் ரத்தம் குறையுது. தப்பு என் பேருலதான். திரும்பி வாங்க."

வாளி துணியைப் பிழிந்தார். நிதானமாக, ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லாமல் பிழிந்தார்.

"அன்னிக்கு யோவ்னீங்க. இன்னிக்கு அண்ணே. கொலைகாரன்னு நாலு பேர் முன்னாடி சொன்னீங்க. இல்லன்னு சொல்றதுக்கு மட்டும் இந்தப் புகைக்குள்ள வந்து காதுல ஓதறீங்க. என் பொண்டாட்டி கேட்டா, ஏன் கொட்டகைய விட்டுத் தூக்குனாங்கன்னு. ஆட்டுக்குட்டியக் கொல்லப் பாத்தேனாம்னேன். அவ சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல மேடம். போங்க, ஈரம் படும்."

அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. வழக்கம்போல் திரும்பிப் பாய ஓர் ஆளைத் தேடியது. ஆள் அகப்படவில்லை. மேலே ஏறிப் போனாள்.

மதியம் சாப்பாட்டு அறை நிறைந்திருந்தது. வாளி தன் பழைய மூலையில் இருந்தார். கடுகு அதே காகிதச் சுருளை எடுத்துக்கொண்டு வந்து, அன்றைக்கு விரித்த அதே மேஜையில் விரித்தாள்.

"எல்லாரும் கேளுங்க!" என்றாள். கேட்காமல் இருக்க வழியில்லை, அந்தக் குரல் அப்படி. "இதுல 'வாளி'ன்னு எழுதினது நான். அத்தனையும் பொய். அண்ணன் ஒண்ணும் பண்ணல. நான்தான் ஒரு பேனாவக் கழட்டி வெச்சிட்டு, கண்ணு முன்னாடி இருந்த கோட்டப் பாக்காம, அவர் தலையில பழியப் போட்டேன். அவர யோவ்னு கூப்பிட்டேன். அதுவும் தப்பு. பெரிய டாக்டர் சார், நீங்களும் தலையாட்டினீங்க. அதுவும் தப்புதான்."

பெரிய டாக்டர் பழக்க தோஷத்தில் தலையாட்டினார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கடுகு சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கும்போதுகூட அவள் சண்டை போடுகிற மாதிரிதான் இருந்தாள், முகம் சிவந்து, மேஜையைக் குத்திக்கொண்டு. ஆனால் கண்ணில் நீர் நின்றது. அதை எல்லோரும் பார்த்தார்கள்.

வாளி சாப்பிட்டு முடித்தார். டப்பாவைக் கழுவி மூடினார். "சக்கரத்துக்கு எண்ணெய் போட மாட்டேன்" என்றார். அவர் போட்ட ஒரே நிபந்தனை அதுதான்.

அடுத்த வாரம் கொட்டகையில் மறுபடியும் கீச்சு கேட்டது. வேண்டுமென்றே சக்கரத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துத்தான் தள்ளினார். மகாராணி தலையைத் தூக்கி, யார் என்று பார்த்துவிட்டு, அவர் கையை முகர்ந்தது. உள்ளே வந்து கோடு பார்க்கும்படி கடுகு அவரைக் கூப்பிட்டாள். பேனாக்கள் ஓடுவதை அவர் குனிந்து பார்த்தார். ரத்த ஓட்டம் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில், ஒருவரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடாத நேரத்தில், நான்காவது பேனாவின் கிறுக்கல் அடர்ந்தது. மூன்றாவது கோடு சரிந்தது.

"இதுக்கு யாரு மேடம்?" என்றார் வாளி. குத்தலாகத்தான் கேட்டார்.

"யாருமில்லண்ணே."

"யாருமே இல்லையா?"

"யாருமே இல்ல" என்றாள். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். கோடு மெல்ல ஏறி, பழைய மட்டத்துக்கு வந்து சேரும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கணவனின் கையிலிருந்த செய்தித்தாளைப் பிடுங்கி மடித்து வைத்தாள். மாமியாருக்கு நேரே போய் நின்றாள்.

"அத்தை, என் குழந்தைய நான் கொல்லல. என் சத்தம் கொல்லல. காரணம் தெரியலன்னு டாக்டர் சொன்னாரே, அதுதான் நிஜம். தெரியாததுக்கு என் பேர எழுதினீங்க, நானும் கையெழுத்துப் போட்டேன். இனிமே போட மாட்டேன்."

மாமியார் ஜன்னலைப் பார்த்தாள். "மெதுவா பேசும்மா. பக்கத்து வீட்ல கேக்கும்."

"கேக்கட்டும்!" என்றாள் கடுகு, இன்னும் உரக்க.